தாவணியைப் பிடித்த கல்

எழுபதுகளின் நடுவில் ஆரணியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. சாலைகளையும் பாலங்களையும் பார்த்துக்கொள்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. தேசூரிலிருந்து தினமும் வந்துபோக பஸ் சரிப்படாது என்று அப்பா ஊருக்குள் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். பட்டு நெய்கிற குடும்பம். அவர் தறியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பேச்சு ரொம்பக் குறைவு. அந்த அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன். முதல் நாள் அத்தை என் ஊரைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"உனக்கு இன்னா வயசு கண்ணு?" என்றார்.

சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனவர் அன்று முழுக்க என் கண்ணில் படவில்லை.

ஊரை ஒட்டிய ஆற்றின் மேல் அந்தக் கல்பாலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தது என்றார்கள். எந்தக் கல்லிலும் வருஷம் வெட்டியிருக்கவில்லை. அகலம் குறைவு. எதிரெதிரே இரண்டு லாரி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். டிரைவர்கள் இறங்கிச் சண்டை போடுவார்கள். பின்னால் நிற்கிற பஸ்ஸில் ஜனங்கள் "பேஜாரா பூடுச்சிப்பா" என்று அலுத்துக்கொள்வார்கள். புதிதாக கான்கிரீட் பாலம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவதா, பக்கத்தில் கட்டுவதா என்பதுதான் முடிவாகவில்லை. எதுவானாலும் பழைய பாலத்தின் அளவுப்படம் வேண்டும், கல் கல்லாக. எங்கள் பொறியாளர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

"மேல இருந்து பாத்தா அது வெறும் ரோடும்மா," என்றார். "கீழ எறங்கிப் பாரு."

கோடைகாலம். ஆற்றில் தண்ணீர் இல்லை. டேப் பிடிக்க ஒரு பணியாளைக் கூட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன். தினமும் தாண்டிப்போன பாலம் கீழிருந்து வேறொன்றாக இருந்தது. கோபுர வாசலை வரிசையாக நிறுத்தி வைத்ததுபோல் வளைவுகள். ஒவ்வொரு கல்லும் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் செதுக்கப்பட்டு, பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நின்றது. உச்சியில் ஆப்புப் போல இறக்கிய நடுக்கல். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில் தூண்கள் படகின் முனைபோலக் கூராக நீண்டிருந்தன. வெள்ளம் அங்கே இரண்டாகப் பிளந்து இரு வளைவுக்கும் பிரிந்து போகும். கற்களின் மூலையில் கல்தச்சர்கள் கொத்திவைத்த அடையாளங்கள் இருந்தன. ஒன்றில் முக்கோணம், ஒன்றில் மீன், ஒன்றில் வெறும் இரண்டு கோடு. கூலிக்காகத் தாங்கள் செய்த கல் எது என்று காட்ட அப்படிப் போடுவார்களாம். பெயர் தெரியாத அந்த ஆட்களின் கையெழுத்தை நான் தாளில் பெயர்த்து எழுதினேன்.

பொறியாளர் ஒருநாள் வந்து வளைவின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார். "உள்ள ஒரு கம்பி கிடையாது. சிமெண்டு கிடையாது. ஒண்ணை ஒண்ணு தள்ளிகினு நிக்குது, அவ்ளோதான். மேல பாரம் ஏற ஏற இன்னும் இறுகும். ஒண்ணே ஒண்ணுதான் இதுக்கு ஆகாது. தூணு அசையக் கூடாது."

மூன்றாவது வளைவு எனக்கு ஆரம்பத்திலிருந்தே சரியாகப் படவில்லை. மற்ற வளைவுகளின் கீழ் அளவைச் சத்தமாகச் சொன்னால் குரல் உடனே திரும்பி வரும். அந்த ஒன்றில் மட்டும் சற்றுத் தாமதித்து வந்தது, வரும்போது மெலிந்திருந்தது. என் குரல்தான். ஆனால் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி சொல்வதுபோல் இருக்கும். அங்கே வெள்ளம் மணலை ஆழமாக அரித்திருக்கிறது, அதனால் அப்படிக் கேட்கிறது என்று பொறியாளர் விளக்கினார். விளக்கம் புரிந்தது. ஆனாலும் உச்சி வெயிலில் அந்த நிழலுக்குள் போகும்போது நான் அளவை மெதுவாகத்தான் சொன்னேன். பணியாள் காதில் விழவில்லை என்று கத்துவார். அவர் கத்தியதும் அப்படியே திரும்பி வரும்.

அந்த வளைவைத் தாங்குகிற தூணுக்கு நேர் மேலே, பாலத்தில் நடந்துபோகிறவர்கள் வண்டிக்கு ஒதுங்கி நிற்க ஒரு அரைவட்ட இடம் இருந்தது. எல்லாத் தூணுக்கு மேலும் அப்படி உண்டு. மற்றவற்றில் கைப்பிடிச் சுவர் கருங்கல். இதில் மட்டும் செங்கல் வைத்து சிமெண்டு பூசியிருந்தார்கள். படத்தில் 'பிற்காலச் சேர்க்கை' என்று குறித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள்தான் துணியைப் பார்த்தேன். தூணின் கூர்முனையில், என் தோள் உயரத்தில், இரண்டு கற்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பூச்சியோ என்று கிட்டே போனேன். பட்டுத் துணி. விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீதி கல்லுக்குள் போயிருந்தது. மயிரிழைகூட நுழையாத இடுக்கு அது. மேல் கல்லில் மஞ்சள் பூசி குங்குமம் வைத்திருந்தது. குங்குமம் காயாமல் புதிதாக இருந்தது.

பணியாள் அதைப் பார்த்ததும் டேப்பைச் சுருட்டிவிட்டார். "இத நாளைக்குப் பாத்துக்கலாம்மா," என்றார். என்னவென்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதா? நீங்க அந்த வீட்லதான இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். அத்தை மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். அக்கரையில் அவர் தங்கை வீடு இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் பாலத்தில் ஏறாமல் ஆற்றுக்குள் இறங்கித்தான் போவார் என்று எனக்குத் தெரியும். செருப்புத் தேயும் என்றோ, லாரிக்குப் பயம் என்றோ நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் அத்தை தங்கை வீட்டுக்குப் போகவே மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தை மூன்றாவது வளைவுக்குள் போனார். என் காலுக்குக் கீழே எங்கேயோ அவர் பேசுவது கேட்டது. சொற்கள் புரியவில்லை. வீட்டில் சாப்பிட வா என்று கூப்பிடுகிற தொனி. அது அடங்கியதும், சற்றுத் தாமதித்து, மெலிசாகப் பதில்.

நான் மறுநாள் கேட்டேன். கேட்பேன் என்று அத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்போல. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்.

ஒரே பெண். தாவணி போட ஆரம்பித்த புதுசு. அவள் அப்பா தன் கையால் சாயம் போட்டு நெய்த சிவப்புத் தாவணி. அந்த வருஷம் ஆற்றில் பெரிய வெள்ளம். அக்கரையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தவள் திரும்பி வரும்போது, வெள்ளம் பார்க்க நின்ற கூட்டத்தோடு அந்த அரைவட்டத்தில் நின்றிருக்கிறாள். மலைப்பக்கமிருந்து வேரோடு ஒரு மரம் அடித்துக்கொண்டு வந்து தூணில் மோதியது. கைப்பிடிச் சுவர் சரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பின்னால் விழுந்தார்கள். அவள் முன்னால் போய்விட்டாள்.

"தண்ணி வடிஞ்ச பெறகு போய்ப் பாத்தோம். அவ இல்ல. தாவணி மட்டும் கல்லுல மாட்டிகினு இருந்துச்சி. நான்தான் இழுத்தேன் கண்ணு. வரல. உள்ள இருந்து யாரோ புடிச்சிகினு இருக்கற மாதிரி. இன்னும் பலமா இழுத்தேன். கிழிஞ்சி வந்துடுச்சி. மீதி உள்ளயே நின்னு போச்சு."

முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தக் கல்லுக்குள்ள துணி எப்டி போவும்? நீ படிச்ச பொண்ணு, சொல்லு. அவ கூட போனாத்தான துணி போவும்?"

பதிலுக்குக் காத்திராமல் மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

"ஆத்தோட தேடிகினு போலாம்னு இவரு சொன்னாரு. நான்தான் விடல. அவ எங்கயும் போவல, இங்கதான் கீறான்னு சொல்லிட்டேன். சரி, எப்ப இடிக்கப் போறீங்க?"

பாலம் இடிபடக் கூடாது என்று அழுவார் என நினைத்தேன். அத்தை ஜல்தியாக இடிக்கச் சொன்னார். இடிக்கும்போது அந்தத் தூணைத் திறந்து பார்க்க வேண்டும், எலும்பாவது கிடைக்கும், எடுத்து முறையாகச் செய்ய வேண்டியதைச் செய்யலாம். எத்தனை வருஷமாகவோ அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். மாடி அறையை எனக்குக் கொடுத்ததே நான் பாலம் பார்க்கிற அலுவலகத்துப் பெண் என்பதால்தான் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்த நாள் குறைவு. அளவு எடுக்க எடுக்க அந்தப் பாலத்தின் மேல் எனக்கு ஒரு பித்தே வந்திருந்தது. இதைப்போல் இன்னொன்றை இனி யாரும் கட்டப்போவதில்லை; கட்டத் தெரிந்தாலும் கட்ட மாட்டார்கள். இடிக்காமல் பக்கத்தில் புதுப்பாலம் கட்டினால் போதும் என்று பொறியாளரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அத்தை தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "எதனா முடிவாச்சா?" என்று கேட்பார். சில நாள் நான் தலை பின்னும்போது அறை வாசலில் வந்து நிற்பார். கண்ணாடியில் தெரியும். திரும்பிப் பார்த்தால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். என் தோளில் கிடக்கும் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தில் எல்லாக் கல்லையும் மை போட்டு முடித்த பிறகும் அந்த இரண்டு கல்லுக்கு நடுவிலான கோட்டை மட்டும் என்னால் போட முடியவில்லை. பென்சிலிலேயே நின்றது.

கடைசியில் பொறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் முகம் மாறியது வேறு காரணத்துக்காக.

"துணி உள்ள போயிருக்குன்னா அந்த நேரத்துல கல்லு விலகியிருக்கு. அப்ப தூணு அசைஞ்சிதா? அசைஞ்சிருந்தா இந்தப் பாலத்த நான் ஒரு நாள்கூட விட்டு வெக்க முடியாதும்மா."

அஸ்திவாரத்தைப் பார்க்க எப்படியும் ஒரு குழி தோண்ட வேண்டியிருந்தது. வேறு தூணில் போட இருந்ததை அந்தத் தூணுக்கு மாற்றினார். அந்த அம்மாவையும் வரச் சொல் என்றார்.

ஒரு காலைப்பொழுதில் தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழம் போவதற்குள் ஊற்று கிளம்பிவிட்டது. ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். அந்த இரைச்சல் மூன்றாவது வளைவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை குழியோரம் மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் அன்றைக்குத் தறியில் உட்காராமல் வந்திருந்தார். ஆனால் நிழலுக்குள் வரவில்லை. வெளியே வெயிலில் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த இடத்துக்கு வந்ததில்லையாம்.

அடியில் பலகை பலகையாகப் பெரிய கற்கள் தெரிந்தன. பொறியாளர் இறங்கி நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்தார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை, சாய்வு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எதுவும் இல்லை. நத்தை ஓடுகள், உடைந்த பானைத் துண்டுகள் வந்தன. அத்தை அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

பிறகு கொத்தனார் துணி இருந்த இடுக்கில் உளியை வைத்து மெல்லச் சுண்ணாம்பைச் சுரண்டினார். முகப்புக் கல்லை நெம்பினார். அது கதவுபோல லேசாக வெளியே வந்தது. பின்னால் சுண்ணாம்பும் சில்லுக்கல்லும் இறுகிய சுவர். துணி ஒரு சாண் உள்ளே போய் அங்கேயே முடிந்திருந்தது.

"மரம் மோதுன அடியில மொகப்புக் கல்லு மட்டும் வாயத் தொறந்து மூடியிருக்கும்மா," என்றார் பொறியாளர், அத்தையிடம் குனிந்து. "உள்ள எடம் இல்ல. பாருங்க. ஒரு கை போவாது."

அத்தை எழுந்து தூணருகே போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுண்ணாம்புச் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கீழே வைத்துப் பார்த்தார்.

"அப்ப அவ போய்ட்டா," என்றார்.

இன்ஜினை யாரோ நிறுத்தினார்கள். அத்தை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பெண் போன நாளில்கூட அழவில்லை என்று பிறகு அவர் தங்கை சொன்னார். இங்கேதான் இருக்கிறாள் என்கிறவளுக்கு எதற்கு அழுகை? அன்று வாய்விட்டு அழுதார். அந்த வளைவு அதை வாங்கி, தன் வழக்கப்படி தாமதித்து, மெலிந்த குரலில் திருப்பிக் கொடுத்தது. உள்ளே நின்ற எல்லோருக்கும் அது இன்னொருத்தி அழுவதாகத்தான் கேட்டது. கொத்தனார் உளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். வெயிலில் நின்றிருந்தவர் அப்போதுதான் உள்ளே வந்தார். மனைவியின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். கொத்தனார் கல்மேல் வைத்துவிட்டுப் போன துணித்துண்டை எடுத்து விரலால் நீவிப் பார்த்தார்.

"சாயம் போவல," என்றார். அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டார்.

கல்லைத் திரும்ப வைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். பாலம் உறுதியாக இருக்கிறது என்று பொறியாளர் எழுதினார். கல்பாலத்தின் அழகைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல இரண்டு பத்தி சேர்த்தார். மேலிடத்தில் அந்தப் பத்திகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. உடைக்கிற செலவுக்கு அது பெறாது, பக்கத்திலேயே புதிதாகக் கட்டுங்கள் என்று பதில் வந்தது. எந்தக் காரணமானால் என்ன, பழைய பாலம் தப்பிவிட்டது. நான் பென்சில் கோட்டின் மேல் மை போட்டேன். சில மாதங்களில் மாற்றல் வந்து ஆரணியை விட்டுப் போனேன்.

எண்பதுகளின் கடைசியில், என் தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திரும்பப் போனேன். புதுப்பாலத்தில் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பழையதில் மாட்டு வண்டியும் சைக்கிளும் போயின. ஒதுங்கும் இடங்களில் பூ விற்றார்கள். இதைக் காப்பாற்ற நானும் ஒரு கை கொடுத்தேன் என்கிற சந்தோஷம் கொஞ்சம் இருந்தது. கீழே இறங்கிப் பார்க்கிற தைரியம் மட்டும் இல்லை.

அத்தை வீட்டில் தறிச் சத்தம் அப்படியே கேட்டது. அத்தைக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நாளைக்கு இருப்பியா? உன்ன ஒரு எடத்துக்கு இட்டுகினு போவணும்," என்றார்.

மறுநாள் பஸ்ஸில் கிழக்கே போனோம். வழியில்தான் சொன்னார். குழி தோண்டிய அந்தக் கோடையிலேயே இரண்டு பேரும் ஆற்றோடு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும் விட்ட இடத்திலிருந்து. கரையில் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் கேட்டார்கள்: அந்தப் பெரிய வெள்ளத்தில் இங்கே யாராவது ஒதுங்கினார்களா? பல ஊரில் நாயை ஏவாத குறை. ஓர் ஊரில் ஒருவர், "ஒதுங்கினாளே, வாங்க," என்று கூட்டிக்கொண்டு போனாராம்.

ஆற்றங்கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் முழங்கால் உயரக் கல் ஒன்று நட்டிருந்தது. மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, கண்ணாடி வளையல்கள். கல்லுக்குப் புதுச் சிவப்புத் தாவணி சுற்றியிருந்தார்கள். வெள்ளத்தில் வந்த பெண்ணை அந்த ஊர்க்காரர்களே அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். பாவாடையும் ரவிக்கையும் மட்டும் இருந்ததாம். மேலே தாவணி இல்லாமல் வந்த பெண் என்பதால் வருஷா வருஷம் அவளுக்கு ஒரு தாவணி சாத்துகிறார்கள். கன்னியம்மா என்கிறார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள்.

"இவங்ககிட்ட சொல்லலியா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஊரே சாமின்னு கும்புடுது. எம் பொண்ணுன்னு எப்டி சொல்றது கண்ணு? சொன்னா வெளக்கு வெக்கறத நிறுத்திட்டாங்கன்னா?"

பூசை செய்கிற பெண் தட்டோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள். அத்தையைப் பார்த்ததும் தெரிந்தவள்போலச் சிரித்தாள்.

"வருஷம் தவறாம வரீங்கம்மா. உங்க வேண்டுதல் பலிச்சிதா?"

"பாதி பலிச்சிது."

"மீதியும் குடுப்பா. இவ யாரையும் கைவிட மாட்டா."

அத்தை எல்லோரையும்போலக் குனிந்து நெற்றியைக் காட்டினார். அந்தப் பெண் குங்குமம் வைத்தாள். ஒரு பழமும் கொஞ்சம் பூவும் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அத்தை பூவை மடியில் வைத்து, காற்றில் பறக்காமல் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஊர் நெருங்கும்போது ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார்.

"நல்லா பாத்துக்கறாங்க இல்ல?" என்றார்.